அம்மாவின் ஐந்து மணி: நாலு ஊர்க் குடும்பம் எந்த நேரத்தில் பேசுவது?

அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். நான் டொராண்டோவில், தங்கை லண்டனில், தம்பி மெல்பர்னில். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருப்பதால், வாரத்தில் ஒரு நாள் நாலு பேரும் வீடியோவில் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டோம். எந்தச் செயலி, அம்மா வீட்டு இணையம் தாங்குமா என்பதெல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. எத்தனை மணிக்குப் பேசுவது என்பதுதான் வருடக்கணக்கில் இழுத்தது. சில வழிகளைச் செய்து பார்த்தோம், சிலவற்றைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து விட்டோம். இதே நிலையில் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கடிகாரங்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துவிடலாம். இந்தியக் கடிகாரம் வருடம் முழுக்க உலகப் பொது நேரமான யூ.டி.சி.க்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். நகராது. மற்ற மூன்று ஊர்களும் நகரும். டொராண்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். லண்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். மெல்பர்ன் பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்கே தலைகீழ். அக்டோபர் முதல் ஞாயிறு முன்னால் போகும், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னால் வரும்.

இதைக் கூட்டிக் கழித்தால், கும்பகோணத்துக்கு டொராண்டோ ஜூனில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், ஜனவரியில் பத்தரை. லண்டன் ஜூனில் நாலரை பின்னால், ஜனவரியில் ஐந்தரை. மெல்பர்ன் ஜூனில் நாலரை முன்னால், ஜனவரியில் ஐந்தரை முன்னால். கஷ்டமான ஜோடி எங்களில் நானும் தம்பியும்தான். இரண்டு ஊரும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால், எங்களுக்கு நடுவே ஜூனில் 14 மணி நேரம், ஜனவரியில் 16, இடையில் சில வாரங்கள் 15. எனக்குக் காலை ஆறரை என்றால் ஜனவரியில் அவனுக்கு இரவு பத்தரை. நான் எழும்போது அவன் படுக்கப் போகிறான். எந்த வழியை எடுத்தாலும் இந்தச் சின்ன இடுக்குக்குள்தான் நுழைய வேண்டும்.

ஏற்பாடு செய்கிறவர் கடிகாரம்

முதல் வழியை நாங்கள் தேர்ந்தெடுத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. அழைப்பை ஏற்பாடு செய்தது நான். அதனால் என் கடிகாரம் தானாக உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை, டொராண்டோ காலை எட்டு மணி. கைப்பேசி காலண்டரில் போட்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். பெரும்பாலான குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். யார் முதலில் தேதி போடுகிறாரோ அவர் ஊர் நேரம் எல்லாருக்கும் சட்டமாகிவிடும்.

எனக்கு வசதியாக இருந்தது, மறுக்கவில்லை. வருடம் முழுக்க அதே எட்டு மணி. தங்கைக்கும் பெரும்பாலும் மதியம் ஒன்று. ஆனால் அம்மாவுக்குக் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அவர் கடிகாரம் அசையவே இல்லை, எங்கள் ஊரில் பனி வருவதற்காக அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நகர்ந்தது. நேரம் மாறுவதற்கு முந்தின நாள் நானே கூப்பிட்டு, “நாளைலேர்ந்து அஞ்சரைம்மா” என்று சொல்லிவிடுவேன். 2025 மார்ச் 9 அன்று மறந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைக்குக் காய்ச்சல்.

அன்று எனக்கு எட்டு மணி, அம்மாவுக்கு ஐந்தரை. ஆறரைக்குத்தானே என்று அம்மா கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டார். லண்டன் கடிகாரம் மாற இன்னும் மூன்று வாரம் இருந்ததால் தங்கைக்கு அது மதியம் பன்னிரண்டு. அவள் ஒரு மணி என்ற பழக்கத்தில் கடையில் இருந்தாள். அழைப்பில் வந்தது நானும் தம்பியும் மட்டும். அம்மாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. தனியாக இருக்கும் எழுபத்து நாலு வயது அம்மா எடுக்கவில்லை என்றால் மனது எங்கெல்லாம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர் வீட்டு அக்காவை எழுப்பாத குறையாக அனுப்பினோம். ஆறே காலுக்கு அம்மா கையில் விபூதியோடு திரும்பி வந்தபோது வாசலில் அந்த அக்கா பூட்டை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்தப் படபடப்பு அடங்கிய பிறகுதான் தம்பி ஒன்று சொன்னான். “இன்னைக்குப் பதினொரு மணிக்கே பேசிடலாம்னு சந்தோஷமா இருந்தேங்க்கா.” அப்படியென்றால் மற்ற நாட்களில்? நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை என் எட்டு மணி அவனுக்கு நள்ளிரவு பன்னிரண்டு. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவன், நாலு மாதம் ஞாயிறு நடுராத்திரி வரை விழித்திருந்து, பேசி முடித்து ஒரு மணிக்குப் படுத்திருக்கிறான். “பரவால்லக்கா” என்று ஆரம்பத்தில் ஒரு தடவை சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை.

ஏற்பாடு செய்கிறவர் கடிகாரத்தை வைத்துக்கொள்வதில் உள்ள பெரிய குறை இதுதான். அவர் பக்கம் எதுவும் நகராததால், மற்றவர்கள் பக்கம் என்ன நகர்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

மற்றவர் கடிகாரங்கள்

சரி, அதிகம் கஷ்டப்பட்டவன் தம்பி, அவன் ஊர் நேரத்தை நிலையாக வைக்கலாமே என்று பார்த்தோம். மெல்பர்ன் இரவு ஒன்பது. ஜூனில் பிரச்சினை இல்லை, எனக்குக் காலை ஏழு, தங்கைக்கு மதியம் பன்னிரண்டு, அம்மாவுக்கு நாலரை. ஜனவரியில் எனக்கு விடியற்காலை ஐந்து. இரண்டு மணி நேரம் ஒரே திசையில் இடிக்கிறது. காகிதத்திலேயே கைவிட்டோம். லண்டனை மையமாக வைத்தாலும் டொராண்டோ வழியின் குறைகளே திரும்பி வரும், அதனால் அதில் நேரம் செலவழிக்கவில்லை.

முறை வைத்து மாற்றுவது அடுத்த யோசனை. ஒரு வாரம் எனக்கு வசதி, அடுத்த வாரம் தம்பிக்கு. என் கணவரின் குழுவில் இப்படித்தான் செய்கிறார்கள், அது நன்றாகவே நடக்கிறது. சென்னைக்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே கோடையில் பன்னிரண்டரை மணி நேரம். ஒரு வாரம் கலிபோர்னியா காலை ஒன்பது, அதாவது சென்னை இரவு ஒன்பதரை. அடுத்த வாரம் சென்னை காலை ஏழரை, அதாவது கலிபோர்னியாவில் முந்தின நாள் மாலை ஏழு. சென்னைப் பக்கம்தான் எப்போதும் இரவு உட்கார வேண்டும் என்ற எழுதப்படாத வழக்கத்தை உடைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உங்கள் வேலையிடத்தில் இரண்டே ஊர்கள் என்றால், எல்லாரும் கைப்பேசி காலண்டரைப் பார்த்து நடக்கிறவர்கள் என்றால், முறை மாற்றுவதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை. அம்மா காலண்டரைப் பார்த்து நடக்கிறவர்தான், ஆனால் அது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். “இந்த வாரம் எத்தனை மணி?” என்று மூன்று நாள் முன்பே கேட்கத் தொடங்கிவிடுவார். பேச்சுக்காகக் காத்திருப்பது அவருக்கு அந்த வாரத்தின் பாதி சந்தோஷம். அதைக் கவலையாக மாற்றுவது நியாயமாகப் படவில்லை.

இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. காலை பதினொரு மணிக்கு அம்மாவும் தம்பியும், அவனுக்கு அது பிற்பகல் மூன்றரை அல்லது நாலரை. மாலையில் அம்மாவும் நானும் தங்கையும். யாருக்கும் தூக்கம் கெடாது. ஒரு மாதம் செய்தோம். அம்மாவுக்கு இது பிடித்தும் இருந்தது, ஒரே நாளில் இரண்டு தடவை பேசலாம் அல்லவா! எங்களுக்குத்தான் ஏதோ குறைந்தது. நானும் தங்கையும் தம்பியைப் பார்ப்பதே நின்றுபோனது. அம்மா சொன்ன ஒரே விஷயம் இரண்டு அழைப்பில் இரண்டு விதமாக வந்து, சொத்துப் பாகப் பேச்சு ஒன்றில் சின்ன மனத்தாங்கல்கூட வந்தது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்து இரவு உட்காரவே முடியாத வீடுகளுக்கு இந்த வழி பொருந்தும். அப்படியானால் மாதம் ஒரு தடவையாவது எல்லாரும் சேர்ந்து ஓர் அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பே வேண்டாம், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நேர வித்தியாசமே இல்லாமல் போய்விடும், உண்மைதான். அம்மா அனுப்பும் பதிவுகளில் பின்னால் காக்கா கத்துவது, பால்காரர் மணி அடிப்பது எல்லாம் கேட்கும், நான் அவற்றை அழிப்பதே இல்லை. ஆனால் அம்மாவின் கால் வீங்கியிருப்பதைத் தங்கை கண்டுபிடித்தது வீடியோவில். “ஏன் இப்படி நடக்கிறே?” என்று அவள் கேட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனார். பதிவில் அம்மா ஒருநாளும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். குரல் பதிவு அழைப்போடு சேர்ந்து இருக்கட்டும், அதன் இடத்தை அது பிடிக்க வேண்டாம்.

நகராத கடிகாரம்

வேலைக்காக உலகம் முழுக்க ஆட்களோடு பேசுகிறவர்கள் யூ.டி.சி.யில் நேரம் குறித்துக்கொள்வது வழக்கம். எந்த நாடும் கடிகாரத்தை எப்படித் திருப்பினாலும் அது அசையாது என்பதால் குழப்பம் குறையும். தம்பி மென்பொருள் வேலையில் இருக்கிறான், அவன்தான் இதைச் சொன்னான். “யூ.டி.சி. பதினொன்றரைன்னு வச்சிக்கலாம்.” தங்கை உடனே, “அம்மாவுக்கு இதை எப்படிடா சொல்றது?” என்றாள். அப்போதுதான் கணக்கு எனக்கு உறைத்தது. யூ.டி.சி. பதினொன்றரை என்றால் கும்பகோணத்தில் மாலை ஐந்து. ஜனவரியிலும் ஐந்து, ஜூனிலும் ஐந்து. இந்தியக் கடிகாரம் நகராததால், இந்திய நேரத்தை நிலையாக வைத்தால் யூ.டி.சி.யை வைத்த பலன் அப்படியே கிடைக்கிறது. கூடவே, அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

நாலு பேரில் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாதவர் அம்மா. அவருக்கு நாலு மணிக்குக் காப்பி, ஆறு மணிக்கு விளக்கு, ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குத் தூக்கம். மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள், கைப்பேசி தானே கணக்குப் போட்டுச் சொல்லும் வசதி உள்ளவர்கள் நாங்கள் மூவரும். அப்படியிருக்க, வருடத்துக்கு இரண்டு தடவை நகர வேண்டிய வேலையை அவரிடம் கொடுத்ததே தவறு. அது எங்கள் பக்கம் வர வேண்டிய வேலை.

ரயில்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒரு கடிகாரத்தைப் பிடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. பம்பாய் சென்னைக்குச் சுமார் அரை மணி பின்னால், கல்கத்தா சுமார் அரை மணி முன்னால். ரயில்கள் ஓட ஒரே நேரம் வேண்டும் என்றபோது, இரண்டுக்கும் நடுவில் இருந்த மதராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். சென்னை வானாய்வகம் கணித்த நேரம் அது. பிறகு 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து, 1906 ஜனவரி 1 முதல் இப்போதைய இந்திய நேரம் வந்தது. யூ.டி.சி.க்கு ஐந்தரை என்பதில் உள்ள அரை மணி அங்கிருந்து வந்ததுதான்.

ஐந்து மணி என்று முடிவான பிறகும் ஒரு சிக்கல் மீதி இருந்தது, அதை நாங்கள் மூவரும் யோசித்தே இருக்க மாட்டோம். ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். பழைய ஏற்பாட்டில் கோடைக்கால ஐந்தரை மணி அழைப்பின் முதல் அரை மணி அதற்குள்தான் விழுந்திருக்கிறது. அந்த மாதங்களில் அம்மா ஏன் நல்ல சேதி எதையும் அரை மணி கழித்தே சொல்வார் என்பது இப்போதுதான் புரிந்தது. “தங்கம் வாங்குறதப் பத்தியும் கல்யாணத்தப் பத்தியும் ராகு காலத்துலயா பேசுவாங்க?” என்றார். அதனால் சனிக்கிழமைக்கு மாற்றினோம். சனிக்கிழமை ராகு காலம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை, மாலைக்குத் தொந்தரவு இல்லை. மாற்றியபின் தெரிந்த இன்னொரு நன்மை, தம்பிக்கு மறுநாள் விடுமுறை. கிழக்கே இருப்பவர்களுக்கு ஞாயிறு இரவு என்பது வேலை நாளின் வாசல். உங்கள் வீட்டில் ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ யாராவது இருந்தால் சனிக்கிழமையை முதலில் யோசியுங்கள்.

இப்போது சனி மாலை ஐந்து, கும்பகோணம். ஜூனில் எனக்குக் காலை ஏழரை, தங்கைக்குப் பன்னிரண்டரை, தம்பிக்கு இரவு ஒன்பதரை. ஜனவரியில் எனக்கு ஆறரை, தங்கைக்குப் பதினொன்றரை, தம்பிக்குப் பத்தரை. குளிர்காலத்தில் டொராண்டோவில் ஆறரைக்கு இருட்டாகத்தான் இருக்கும். அடுப்பறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு காப்பியோடு உட்காருகிறேன். தங்கை மகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள், அதனால் தங்கை பல நாள் பள்ளி வாசலில் காருக்குள் இருந்தே பேசுகிறாள். சுமை எங்கள் மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. நடுராத்திரி யாருக்கும் இல்லை.

தவறு நேராமல் இருக்க

காலண்டரில் அழைப்பைப் போடும்போது நேர மண்டலத்தையும் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். பலரும் அதைத் தொடுவதே இல்லை, உடனே உங்கள் ஊர் நேரம் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் சென்னை என்று தேடினால் சிலவற்றில் கிடைக்காது, கணினிகள் இந்திய நேரத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஆசியா/கொல்கத்தா. இதைச் செய்துவிட்டால் டொராண்டோவில் கடிகாரம் மாறும்போது என் கைப்பேசியிலேயே அழைப்பு ஆறரையிலிருந்து ஏழரைக்கு நகர்ந்துவிடுகிறது.

எழுத்தில் நேரம் சொல்லும்போது ஊர்ப் பெயரை எழுதுங்கள். ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம். அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அவரவர் நேரம். ஜி.எம்.டி. (கிரீன்விச் நேரம்) என்று எழுதிவிட்டு லண்டன் நேரம் என்று நினைப்பதும் தவறு, கோடையில் லண்டன் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். “சனி மாலை 5, கும்பகோணம்” என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. நள்ளிரவுக்குப் பக்கத்தில் நேரம் வந்தால் கிழமையையும் இரண்டு ஊருக்கும் சேர்த்து எழுதிவிடுங்கள். என் வீட்டில் அடுப்பறைச் சுவரில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டி இந்திய நேரம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதை அம்மாச்சி கடிகாரம் என்கிறார்கள்.

எல்லாருக்கும் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் கடிகாரம் மாறுவதில்லை, வருடம் முழுக்க நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாயும் மாறாது, ஒன்றரை மணி பின்னால். யாழ்ப்பாணத்தில் உறவுகள் இருந்தால் வித்தியாசமே இல்லை, இலங்கை 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் பிரிஸ்பேனில் கடிகாரம் மாறுவது கிடையாது, எப்போதும் நாலரைதான். இந்த ஊர்கள் மட்டும் என்றால் யார் கடிகாரத்தை வைத்தாலும் ஒன்றுதான், வாய்மொழியாகவே முடித்துவிடலாம். கனடா, அமெரிக்கா, ஐரோப்பா, சிட்னி, மெல்பர்ன் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே மேலே சொன்ன கணக்கு தேவைப்படும்.

எங்கள் ஏற்பாட்டிலும் தீராத ஒன்று இருக்கிறது. தம்பி மனைவிக்கு ஜூலையில் பிரசவம். பிறகு சில மாதம் அவனால் இரவு ஒன்பதரைக்குக்கூட உட்கார முடியுமா என்று தெரியவில்லை. அந்த மாதங்களுக்கு மட்டும் இரண்டாகப் பிரித்து, குழந்தையைக் காட்டக் காலை பதினொரு மணி அழைப்பைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பேசிவைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு, 2026-ல், டொராண்டோ மார்ச் 8 அன்று மாறுகிறது, லண்டன் மார்ச் 29, மெல்பர்ன் ஏப்ரல் 5. இலையுதிர் காலத்தில் மெல்பர்ன் அக்டோபர் 4, லண்டன் அக்டோபர் 25, டொராண்டோ நவம்பர் 1. ஆறு தேதிகளையும் நாங்கள் மூவரும் குறித்துக்கொண்டோம். அம்மாவின் தினசரி காலண்டரில் அந்தத் தாள்கள் வெறுமையாகவே இருக்கின்றன.